கூட்டத்தில் நான் சொன்ன ஒரு வரி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

இந்த நாட்டின் அரசியல் சட்டத்தைத் திருத்த மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் அக்கா என்னையும் கூட்டத்துக்கு இழுத்துப்போனார்.

"வெளியாளு நான் என்னத்தச் சொல்றது?"

"இங்கதானே உழைக்கிறே, சொல்லு! நான் மொழிபெயர்க்கிறேன்."

எங்கள் மேலாளர் பின்வரிசையில் இருந்தார். நான் எழுந்து, "எங்க பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வச்சுக்கக் கூடாது" என்றேன். அக்கா என் கையை விடவே இல்லை. அதிகாரி அதை எழுதி, வாசித்துக் காட்டி, என் பெயரோடு உங்கள் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். இங்கே என் முழுப்பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர்.

மறுவாரம் மேலாளரே எல்லார் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு நீங்களே ஒருமுறை நன்றி சொல்லுங்கள்.

அம்மா சமைக்கும்போது எனக்குப் போனைப் போட்டு அடுப்படியில் வையுங்கள். யாரும் பேச வேண்டாம், சத்தம் கேட்டால் போதும். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்