காந்தம் ஒட்டிய கார்

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

நீயும் பாப்பாவும் கர்த்தர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள். எனக்கு இருமல் போய்விட்டது, அம்மாவிடம் சொல்.

சின்னக் கார் புதுசா, பழசா என்று அலைந்தேன் அல்லவா? சாத்தாங்காட்டில் இரும்பு விற்பவன் சும்மா போவானா? கடைக் காந்தத்தோடு போனேன். அடிபட்ட இடத்தில் பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாது. ஷோரூமில் புதுக்காரின் முன்பக்கம் வைத்தேன்; பொத்தென்று விழுந்தது. "புது வண்டியிலேயே பட்டியா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். "அது பம்பருண்ணா, பிளாஸ்டிக்கு!" என்று விற்பனைப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். எப்படியும் புதுசுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமாம்.

விம்கோ நகர் பூவம்மா டீச்சரின் நாலு வருடக் காரில் காந்தம் கதவுக்குக் கதவு ஒட்டியது. "இன்னா நைனா, காரு வாங்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?" என்றார். கடற்காற்றிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. வாங்கிவிட்டேன்!

கிறிஸ்துமசுக்கு அதில்தான் உங்களைக் கூட்டிவர வருகிறேன். பின்சீட்டில் விரிக்க உன் பழைய சேலையில் ஒரு விரிப்பு தைத்து வை.

நேற்று தண்ணீர் கேனைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். ஆள் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக் கார் விடாமல் கத்தியது. கேனுக்குப் பெல்ட் போட்டு, அதோடு பேசிக்கொண்டே வீடு வந்தேன்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. பெட்டியைக் கட்டி வை.

உன்
தவசிமுத்து