மைக்கிடம் கேட்ட மன்னிப்பு

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

உன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் கூட்டம் அலைமோதுகிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே எனக்கு வழக்கமான வயிற்றெரிச்சல்தான்.

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். கையில் மைக் இல்லாவிட்டாலும் மேடையில் நிற்பதுபோலவே பேசுவார். வேலை ஏன் தாமதமாகிறது என்று ஆராய இந்த வாரம் முழுக்கக் கூட்டம். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதால்தான் தாமதம் என்றார் எங்கள் கேஷியர். நல்ல பாயிண்ட், அதற்குத் தனியாக ஒரு கூட்டம் போடலாம் என்று மைக் சொல்ல, பூம்பூம் மாடு மாதிரி எல்லோரும் தலையாட்டினோம்.

வேலையை விட்டுத் தொலை என்கிறாய். உன் அத்தானின் டயாலிசிஸ் செலவு மொத்தமும் கம்பெனி இன்ஷூரன்ஸில் போகிறது. வீட்டு வாசலுக்கு பஸ் வருகிறது. ஏசி உண்டு, கேண்டீன் உண்டு. மூளையை மட்டும் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகவேண்டும்.

உன் அக்கா

மார்ச் 17

அக்காவுக்கு,

உன் மைக் கதையைக் கடையில் படித்துக் காட்டினேன். மெக்கானிக் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் கை நழுவிக் காலில் விழுந்தது.

அந்த அரைவேக்காட்டுக்கு முன்னால் எதற்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய்? என் கடையில் நான் வைத்ததுதான் சட்டம். கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். ராணி மாதிரி வந்து உட்கார்.

தம்பி

ஏப்ரல் 22

தம்பிக்கு,

எங்கள் கேஷியர் போய்விட்டார். கவுண்டரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மறுநாள் இரங்கல் கூட்டம். மைக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் இருந்திருந்தா இந்த மாச டார்கெட்டை முடிச்சிருப்பார். அவருக்காக நாம முடிப்போம்" என்று சொல்லிவிட்டு எங்களைக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள், தம்பி. என்னால் முடியவில்லை.

"செத்தவருக்காவது லீவு குடுங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

அறைக்குக் கூப்பிட்டார். மன்னிப்புக் கடிதம் வேண்டுமாம், இல்லையென்றால் வேலையை மறந்துவிட வேண்டுமாம். எழுதினேன். சிவப்புப் பேனாவால் என் எழுத்துப் பிழையைத் திருத்தி, மறுபடி எழுதச் சொன்னார். அதையும் எழுதினேன்.

அக்கா

ஏப்ரல் 30

அக்காவுக்கு,

எழுதிக் கொடுத்தாயா? அதுவும் இரண்டு தடவை! செத்துப்போன மனிதருக்கு நீ காட்டிய மரியாதை அவ்வளவுதானா? கொஞ்சமாவது சூடு சொரணை இருக்கிறவள் அந்தக் காகிதத்தை அவன் மூஞ்சியில் எறிந்திருப்பாள். உன்னை என் அக்கா என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. கணக்குக்கு வேறு ஆள் போட்டுவிட்டேன்.

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

போன மாதம் உன் அத்தானுக்கு ரத்தத்தில் கிருமி ஏறி ஐ.சி.யூ.வில் போட்டார்கள். அன்றைக்கே கடைக்கு போன் செய்தேன். நீ வேலையாக இருப்பதாக மெக்கானிக் சொன்னார். விஷயத்தை அவரிடம் சொல்லித்தான் வைத்தேன். பிறகு எனக்கு இரண்டு வரி எழுதினார் பாவம், உன்னிடம் சொல்லிவிட்டதாகவும், சீசன் நேரம் என்று நீ சொன்னதாகவும்.

வார்டுக்கு மாற்றிய பிறகு மைக் பார்க்க வந்தார். கால்மேல் கால் போட்டுக்கொண்டு தன் பெருமையை அளந்தார். வார்டை எப்படி நடத்துவது என்று நர்சுக்கே வகுப்பெடுத்தார். எழுந்து போகும்போது, "அவர் தேறுற வரைக்கும் ஆபீசுக்கு வராதீங்க. சம்பளம் வந்துடும், நான் பார்த்துக்கறேன்" என்றார். சொன்னபடியே செய்தார்.

அதற்காக அவரை மதித்துவிடவில்லை. கேஷியரை நினைக்கும்போதெல்லாம் அந்த முகத்தில் காறித் துப்பத்தான் தோன்றுகிறது. ஆனால் அத்தானுக்கு எப்படி இருக்கிறது என்று அந்த மனிதர் கேட்டார். நீ எழுதிய எதிலாவது, ஒரு வரியிலாவது அதைக் கேட்டிருக்கிறாயா? என் சொரணையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறாய்.

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நாளையிலிருந்து நான் ஆபீசுக்குப் போகிறேன். இனிமேல் உன்னிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்கமாட்டேன்.

அக்கா