லேபுக்கு அனுப்பாதீங்க என்று சொன்ன அப்பாவுக்கு

என் பாசத்துக்கும் இப்போது என் கோபத்துக்கும் சொந்தமான அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வீட்டில் பெரிதாக எதுவும் மாறவில்லை. உங்கள் கட்டிலை மட்டும் அம்மா வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள். செந்துறைப் பக்கம் நல்ல மழை. சுரங்கத்துக்குக் கொடுத்த நம் சோளக்காட்டுப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. நானும் பழையபடி காலையில் பஸ் பிடித்து அரியலூருக்குப் போய், சிமெண்ட் ஆலை வாசலில் இருக்கும் ஏசி அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு பாஸ் எழுதிக் கொடுக்கிறேன். யாரும் வராத நேரத்தில் சும்மா இருக்கிறேன். அந்த நேரம்தான் அதிகம்.

இந்த வேலை எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சுண்ணாம்புக்கல் வெட்ட நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள். தம்பிக்கு வாங்கு என்று பெரியப்பா சொன்னபோது, "எம் பாப்பாதான் கெமிஸ்ட்ரி படிச்சிருக்கு, அதுக்குத்தான் வேல" என்று ஒரே பிடியாக நின்றீர்கள். அன்றைக்கு சந்தோஷத்தில் அழுதேன்.

ஆலைக்குள் லேப் இருக்கிறது. கல்லையும் சிமெண்டையும் சோதித்துப் பார்க்கும் இடம். நான் படித்த படிப்புக்கு அதுதான் வேலை. வருடம் தவறாமல் கேட்டேன். மேனேஜர் வருடம் தவறாமல் "பாக்கலாம்மா" என்றார். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போனார்கள். வீட்டுக்கு வந்ததும் நீங்கள்தான் முதலில் கேட்பீர்கள்.

"என்ன பாப்பா, லேபுக்குக் கேட்டியா?"

"கேட்டேன்ப்பா. இந்த வருசமும் இல்லன்னுட்டாங்க. பேசாம வேல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம்னு இருக்கு."

"அவசரப்படாத. நெலத்தக் குடுத்து வாங்குன வேல. வுடாமக் கேளு, கெடைக்கும்."

என் முகத்தைப் பார்க்காமல் சொல்வீர்கள். அதற்குள் இருமல் வந்துவிடும். உங்கள் பேச்சை நம்பி நான் மறுபடியும் கேட்கப் போவேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மேனேஜர் மாலையோடு வந்தார். உங்கள் படத்துக்குப் போட்டுவிட்டு, ஆறுதல் சொல்வதாக நினைத்து, பந்தலில் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"உங்கப்பா மாதிரி பாசமான மனுசன பாக்க முடியாதும்மா. வருசா வருசம் என்னத் தேடி வந்துடுவாரு. 'எம் பொண்ண லேபுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க சார், அந்த ரூம்லயே குந்தியிருக்கட்டும்'னு கையப் புடிச்சுக்குவாரு. நானும் வாக்குக் குடுத்துட்டேன்."

பந்திக்கு எடுத்துப் போன சாம்பார் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

ஏன்ப்பா? வேறு யாராவது தடுத்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பேன். நீங்களோ கேட்கச் சொல்லி என்னை அனுப்பிவிட்டு, பின்னாலேயே போய்க் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறீர்கள். கூடவே இருந்து குழி பறித்தவர் என்று ஊரில் யாரையாவது சொல்வோம். உங்களைப் பற்றி அது என் வாயில் வந்தபோது எனக்கே பயமாக இருந்தது.

அம்மாவிடம் சண்டை போட்டபோதுதான் மீதியும் தெரிந்தது. "உங்கப்பா அந்த ஆலையில கூலிக்கு சிமெண்ட் மூட்ட புடிச்சே நெஞ்சக் கெடுத்துக்கிட்டாரு. லேபுல சிமெண்ட கையால அள்ளி அள்ளிப் பாப்பாங்கன்னு எவனோ சொல்லிட்டான். ஒனக்கும் அந்தப் புழுதி வேணாம்னு நெனச்சாரு."

அப்பா, லேபும் ஏசி அறைதான். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற சுத்தமான இடம். லாரிகள் போகிற வருகிற புழுதியெல்லாம் வாசலில் இருக்கும் என் அறைக்குத்தான் வருகிறது. காலையில் துடைத்த மேசை மத்தியானத்துக்குள் வெள்ளையாகிவிடும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மறுநாளே ராஜினாமா எழுதிப் பையில் வைத்தேன். பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர் தேடுகிறார்கள். சம்பளம் குறைவு, நாள் முழுக்க நிற்க வேண்டும். "காடும் போச்சு, ஆளும் போயிட்டாரு, இருக்கற வேலையையும் வுட்டுட்டு வரப்போறியா?" என்று அம்மா கேட்டாள். ராஜினாமா பையிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒருமுறை மேனேஜரிடம் போனேன்.

"அப்பாதான் இல்லையே சார். இப்பவாவது மாத்திக் குடுங்க."

"அதெப்படிம்மா? உசுரோட இருக்கறவருக்குச் சொன்னதுன்னா மாத்திக்கலாம். போனவருக்குக் குடுத்த வாக்க நான் எப்படி மாத்தறது? அவரே வந்து சொன்னாத்தான் உண்டு."

அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். மேனேஜரும் படிப்பார். நீங்கள் வர முடியாது. உங்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன். சார், எங்கப்பா தெரியாமல் கேட்டுவிட்டார். அந்த வாக்கை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கும் ஒரு வாக்கு தருகிறேன், அப்பா. உங்களைப் போல ரகசியமாக இல்லை, ஊரறியத் தருகிறேன். கோபத்தில் வேலையை விட மாட்டேன். பொங்கல் வரைக்கும் பார்ப்பேன். லேப் கிடைத்தால், நம் காட்டிலிருந்து வருகிற கல்லை என் கையால் சோதிப்பேன். கிடைக்காவிட்டால் பெரம்பலூர் பஸ் ஏறிவிடுவேன். எதுவானாலும் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

நீங்கள் சொன்னதையெல்லாம் நம்பிய
உங்கள் மூத்த மகள்,
பாப்பா