தட்டில் ஒன்றும் வளரவில்லை

ராத்தா,

இன்று காலை ஆய்வுகூடத்தில் ஒரு வளர்ப்புத் தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஊதா நிறத்தில், காய்ந்த பூவைப் போலச் சுருங்கிய புள்ளிகள். உங்கள் இரத்தத்திலிருந்து வளர்ந்தவையும் இப்படித்தான் இருந்தன.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று கல்முனையில் உங்களைச் சேறு புரட்டிக்கொண்டு போனது. மூன்று வீடு தள்ளி ஒரு மதிலோரம் உயிரோடு கிடந்தீர்கள். சில கிழமைகளில் காய்ச்சல், நெஞ்சில் சீழ். சேற்றில் வாழும் பாக்டீரியா, உங்களைப் போலச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களைச் சுலபமாகப் பிடிக்கும் என்றார் டொக்டர். ஊசிகள் முடிந்தபின் மாதக்கணக்கில் மருந்துக் குளிசை குடிக்கச் சொன்னார்.

இரண்டாம் மாதம் நீங்கள் கேட்டீர்கள்: “இன்னும் எத்தின நாளைக்குப் புள்ள இந்தக் குளிசை? சோத்தக் கண்டாலே ஓங்காளிக்கிது.”

உங்கள் தங்கை நான், அப்போது ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டொக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை; உங்கள் கடைசி இரத்தப் பரிசோதனைத் தட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னேன்:

“தட்டில ஒண்டும் வளரல்ல ராத்தா. போதும், நிப்பாட்டுங்க.”

“மெய்யாவா?”

“ஓம்.”

அந்தக் கிழமையே நீங்கள் மீன்குழம்பை ஊற்றி வயிறாரச் சாப்பிட்டீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நாலு வருடம் கழித்து, யுத்தம் முடிந்த செய்தியைத் தவிர வேறெதையும் வானொலி சொல்லாத நாட்களில், காய்ச்சல் திரும்பி வந்தது. வார்டில் வேறொரு டொக்டர் கேட்டார், “போன முறை குளிசைய முழுசாக் குடிச்சீங்களா?”

நான் உங்கள் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

“இல்ல டொக்டர். கசக்குதெண்டு நானாத்தான் உட்டுட்டன்,” என்றீர்கள், என்னைப் பார்க்காமல். நான் குனிந்து உங்கள் காலில் போர்வையை இழுத்துவிட்டேன். ஐந்தாம் நாள் மௌத்தாகி எங்களை விட்டுப் போனீர்கள்.

அதன் பிறகுதான் மேற்படிப்புக்குப் போனேன். கெட்டிக்காரி என்றார்கள். உங்களைக் கொன்றது எங்கே ஒளிந்திருந்தது என்று அறியத்தான் போனேன். இரண்டு காய்ச்சலிலும் எடுத்து வைத்திருந்த கிருமிகளை ஒப்பிட்டேன், ஒன்றேதான். பட்டினியோ மருந்தோ நெருக்கும்போது அந்தக் கிருமிக்குள் இருக்கும் சில புரதங்கள் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்க வேண்டும் என்று மாற்றிவிடுகின்றன. வளர்வதற்கான மரபணுக்கள் அடங்கும். தாங்கிக் கிடப்பதற்கானவை விழிக்கும். வளராமல் கிடப்பதை மருந்து எளிதில் கொல்லாது. தட்டிலும் அது முளைக்காமல் போகலாம். நான் சுத்தம் என்று சொன்ன அன்று, அது உங்களுக்குள் சும்மா கிடந்திருக்கிறது.

இதையெல்லாம் உங்கள் மகளுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். நிறுத்தச் சொன்னது நான் என்பதை மட்டும் விட்டுவிட்டுத்தான். போன வெள்ளிக்கிழமை அதையும் சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “தெரியும் சாச்சி. உம்மா வார்டில வச்சே சொன்னவ. ‘சாச்சி தாங்க மாட்டா, அவக்கிட்ட இந்தக் கதைய எடுக்காத’ எண்டவ.”

இத்தனை வருடமும் நீங்கள் இருவருமாக என்னைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதற்கு நான் தகுதியானவள் என்று இன்னும் தோன்றவில்லை.

இப்போது யாராவது என்னிடம் மருந்தை நிறுத்தலாமா என்று கேட்டால், “எனக்குத் தெரியாது, வாங்க டொக்டரிட்ட கேப்பம்” என்று சொல்லி, கூடவே நடந்து போகிறேன். தெரியாது என்று சொல்வது இவ்வளவு சுலபம், ராத்தா. அன்று உங்களிடம்தான் அதைச் சொல்லாமல் விட்டேன்.