பிறந்த அன்றே போட வேண்டிய ஊசி

புதுச்சேரி,
14.2.1985

அன்பு மகள் செலினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே வெளிநாட்டில் நீயும் மாப்பிள்ளை லூயிஸும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன் என்பதால் முதலில் வரிசையாகக் குறித்துவிடுகிறேன்.

1. வீட்டு நலம்.
2. குழந்தைக்கு ஊசி.
3. உன் அண்ணன் தனிஸ்லாஸ் போனது குடியால். அதை அங்கே டாக்டரிடம் சொல்ல வேண்டியதில்லை.
4. அம்மா.

வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை. முழங்கால் வலியோடு அம்மாதான் பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறாள், நான் போனால் "செத்து மூணு நாளான மீனாப் பாத்துப் பொறுக்கிக்கினு வர்றீங்க" என்கிறாள். உன் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி என்ற காமாலைக் கிருமி இருப்பதாகவும், பிள்ளை பிறந்ததுமே ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்வதாகவும், "ஞானஸ்நானம் குடுக்கறதுக்கு முன்னாடி பச்சப்புள்ள ஒடம்புல ஊசியா?" என்று உன் மாமியார் ஆரோக்கியம் தடுப்பதாகவும், உனக்கே ஒரு நோவும் இல்லாதபோது எதற்கு என்று நீயும் தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். என் அறிவு இதற்குப் போதாது என்று சாரம் பகுதிக்குப் போய் டாக்டர் அரிகிருஷ்ணனைக் கேட்டேன். பிரசவத்தில் தாயிடமிருந்து ஒட்டிக்கொள்ளுமாம், பச்சைப்பிள்ளைக்கு ஒட்டினால் பெரும்பாலும் போகாதாம், ஒரு வலியும் காட்டாமல் இருபது முப்பது வருஷம் உள்ளே கிடந்து பிறகு ஈரலைக் கெடுக்கலாமாம். பிறந்த அன்றே ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாமாம். "இங்க அந்த ஊசிக்கு நான் எங்கய்யா போவேன்? அங்க கையில வச்சிக்கினு குடுக்கறாங்க, வேணாங்கறாங்களா?" என்று என்னைக் கடிந்துகொண்டார். ஆகவே ஊசி முதலில், ஞானஸ்நானம் பிறகு. ஆரோக்கியத்திடம் நான் சொன்னதாகவே சொல்.

இனி மூன்றாவது. தவளக்குப்பம் சாராயக் கடையில் கணக்கு எழுதிவிட்டுத் தனிஸ்லாஸ் அந்த வாடையோடுதான் வருவான். வயிறு வீங்கிக் கண் மஞ்சளித்தபோது அவனுக்கு முப்பத்தொரு வயது. "கடையில ஒக்காந்தா சட்ட நாறாதா? வாய ஊதறேன், மோந்து பாருங்கப்பா" என்பான். நான் பார்க்கவில்லை. அவன் தூங்கியபின் அவன் தண்ணீர் குடித்த டம்ளரை மோந்து பார்த்தேன். வாடை இல்லை, கழுவிவைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அடக்கத்துக்கு வந்த பக்கத்து வீட்டுச் சக்கரபாணி "புதுச்சேரில ஈரல் போச்சுன்னா வேற என்னா காரணம் இருக்கப்போவுது" என்றார், நானும் தலையாட்டினேன். உன் கடிதம் வந்ததிலிருந்து என் காதருகே யாரோ வாயை ஊதுவதுபோல் இருக்கிறது. திரும்பினால் ஜன்னல் சாத்தியிருக்கிறது. அவனுக்கும் இதே கிருமி இருந்திருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். இருக்கலாம், ஆனால் அவன் ரத்தத்தை இனி யார் பார்ப்பது என்றார்.

அம்மாவிடம் மறைக்கத்தான் நினைத்தேன், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "அப்ப எங்கிட்டேர்ந்துதான் ரெண்டு புள்ளைங்களுக்கும் வந்துச்சா?" என்றாள். யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "எம்புள்ள குடிக்கலன்னு தலபாடா அடிச்சிக்கினேன். படிச்ச மனுசன் நீங்க, கேட்டீங்களா?" என்றாள். அவளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், அழைத்துப்போகிறேன்.

உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், பிள்ளை நீண்ட ஆயுளோடு வளரட்டும், மாதா கூடவே இருப்பாள். மாப்பிள்ளையையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல், மறந்துவிடாதே.

மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. அடித்துவிடலாம், ஆனால் நான் அப்படி நம்பியிருந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். டாக்டரிடம் சொல்: எனக்கு ஓர் அண்ணன் இருந்தான், ஈரல் கெட்டு இறந்தான், அவன் குடித்ததில்லை.

உன் அப்பா,
சூசைநாதன்