அக்கரைக் கொசு, இக்கரைக் கொசு

ஜூன் 3, செவ்வாய்

வெட்கக்கேடு. வெளியே சொல்ல முடியாது, இங்கேயாவது எழுதிவைக்கிறேன். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு வளர்த்த குற்றத்துக்காக இன்று காலை ஒரு வீட்டுக் கதவில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. கீழே கையெழுத்து, நகராட்சிக் கொசு ஒழிப்புப் பிரிவு மேற்பார்வையாளர். அதாவது நான். கதவும் என்னுடையதுதான்.

ஒட்டியவள் என் பிரிவிலேயே வேலை பார்க்கிற பெண். யார் வீடு என்றெல்லாம் பார்க்க மாட்டாள். ஆபீசில் அவளுக்குப் பெயரே 'நோட்டீஸ்'. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் வடிகிற தட்டு ஒன்று உண்டாம். பதினெட்டு வருஷமாக அதே ஃபிரிட்ஜ், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். டார்ச் அடித்துக் காட்டினாள். பத்துப் பதினைந்து புழுக்கள், நீச்சல் வகுப்பு மாதிரி.

"கிழிச்சிடட்டுமா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கை வெச்சுப் பாருங்க. பக்கத்து வீட்டு அக்கா இன்னும் பாக்கல."

ஜூன் 5, வியாழன்

முட்டை எண்ணும் நாள். கோழி முட்டை என்றால் வீட்டில் மரியாதையாவது இருக்கும்.

எங்கள் ஊருக்கும் அடுத்த நாட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு. இரண்டு கரையிலும் நாற்பது நாற்பது கறுப்பு டப்பாக்கள். அரை டப்பா தண்ணீர், ஓரத்தில் ஒரு துணிப்பட்டை. கொசு வந்து அந்தத் துணியில் முட்டையிடும். வியாழன்தோறும் எண்ணி, மதியத்துக்குள் எதிர்க்கரைக்கு போனில் சொல்ல வேண்டும். இரு நாட்டு ஒப்பந்தம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, இவ்வளவுதான்.

இது இல்லாத வருஷம் அக்கரையில் டெங்கு பரவியது எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் இங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட இடமில்லை. என் மனைவி ஒன்பது நாள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாள். அந்த ஒன்பது நாளும் நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. 27-ஆம் தேதி இரு தரப்பும் கூடிப் புதுப்பிக்க வேண்டும். விட்டுப்போனால் மழைக்காலத்தில் மறுபடி இரண்டு கரையும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த நேரம் பார்த்து எங்கள் படகுத்துறை டப்பாவில் 212. ஊருக்குள் மற்ற டப்பாக்களில் பத்து, பன்னிரண்டு. இது இறக்குமதி அல்லாமல் வேறென்ன? அக்கரையில் இதே வேலையைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன்.

"உங்க பக்கத்துலேர்ந்துதான் வருது டாக்டரம்மா. படகுல ஏறி வருது."

"எங்க துறையில இருநூத்து நாப்பது சார். இங்கேர்ந்து ஏறுதுன்னா, அங்கேர்ந்தும் ஏறும் இல்ல?"

"எங்க ஊர்ல ஒரு பழைய டயர்கூடக் கிடையாது, தெரியுமா?"

உண்மைதான். டயரில் மழைநீர் நின்றால் கொசுவுக்கு அது பிரசவ ஆஸ்பத்திரி. இரண்டு வருஷத்துக்கு முன் ஊரில் கிடந்த எண்பத்தாறு டயர்களையும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் என் கையாலேயே மஞ்சள் பெயின்ட்டில் எண் போட்டு (ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவேன், ஒன்றோடு குழம்பக் கூடாதே), காயலான் கடைக்காரரிடம் கொடுத்து ஊரைவிட்டே அனுப்பினேன். அதற்கான பாராட்டுப் பத்திரம் என் நாற்காலிக்கு மேலே தொங்குகிறது.

"அப்ப அந்தப் பத்திரத்தையே வந்து முட்டை எண்ணச் சொல்லுங்க," என்று போனை வைத்துவிட்டார். வாய் கொஞ்சம் நீளம் அந்த அம்மாவுக்கு. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

"அவங்க தப்பை அவங்க ஒத்துக்காம கையெழுத்து கிடையாது" என்கிறார் எங்கள் அதிகாரி. அக்கரை அதிகாரியும் வார்த்தை பிசகாமல் இதையேதான் சொன்னாராம். இதில் மட்டும் இரு நாடுகளுக்கும் பூரண ஒற்றுமை.

ஜூன் 12, வியாழன்

துறையில் 260. அவர்களுக்கு 275. பதினைந்து வித்தியாசத்தில் நான் ஜெயித்தேன் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். சே, என்ன மனுஷன் நான்?

டாக்டரம்மாதான் வழி சொன்னார். அவர் எங்கள் கரையைச் சோதிக்கட்டும், எங்கள் ஆள் அவர்கள் கரையை.

"அவங்கவங்க ஃபிரிட்ஜுக்குப் பின்னால இருக்கிறது அவங்கவங்களுக்குத் தெரியாது சார்."

நோட்டீஸ் உளறியிருக்கிறாள். எல்லை தாண்டிவிட்டது என் மானம்.

ஜூன் 14, சனி

டாக்டரம்மா வந்தார். என் தோள் உயரம்கூட இல்லை. கையில் குடையும் நீளக் கரண்டியும். துறையில் டிக்கெட் அறைக் கூரை, பூந்தொட்டி, கழிவறைத் தொட்டி, ஒன்றையும் விடவில்லை. ஒரு புழு இல்லை. அக்கரையிலிருந்து நோட்டீஸ் போன் செய்தாள். "இங்கயும் சுத்தம் சார்," என்றாள். ஒட்ட ஒன்றும் கிடைக்காத துக்கம் குரலில் தெரிந்தது.

இரண்டு பேரும் சுத்தமென்றால் முட்டை யாருடையது? இப்படியே போனால் 27-ஆம் தேதி சண்டைதான் மிச்சம்.

மாலையில் அவரைப் படகேற்றப் போனேன். படகு துறையில் மோதியது. பக்கவாட்டில் இடி தாங்கக் கட்டியிருந்த டயர் நசுங்கி, உள்ளிருந்த தண்ணீர் மொத்தமும் என் பேன்ட்டில்.

"யோவ், பாத்து ஓட்ட மாட்டியா?" என்று படகுக்காரரைப் பார்த்துக் கத்தினேன்.

"சார், அசையாதீங்க!" என்றார் டாக்டரம்மா. குனிந்து என் முழங்காலையே பார்த்தார். நனைந்த துணியில் ஒரு புழு நெளிந்துகொண்டிருந்தது.

இருபத்திரண்டு டயர். இருபத்திரண்டிலும் குடும்பம் குடும்பமாக. ஒரு நாளைக்கு எட்டு நடை, இரு கரைக்கும் பாரபட்சமில்லாத சேவை.

"படகு உங்க லிஸ்ட்டுல இருக்கும்னு நெனச்சோம்," என்றார்.

"நாங்க உங்க லிஸ்ட்டுலன்னு..."

இருவரும் சிரித்துவிட்டோம். அவர்தான் முதலில். இல்லை, நான்தான்.

ஜூன் 16, திங்கள்

டயருக்கு அடியில் ஓட்டை போடும் வேலை. இடது பக்கம் அவர்கள் ஆட்கள், வலது பக்கம் எங்கள் ஆட்கள்.

"ஓட்ட போட்டா படகு முங்கிடாதா?" என்று படகுக்காரர் பதறினார்.

"படகு என்ன டயர்லயா மிதக்குது?" என்றாள் நோட்டீஸ்.

பதினோரு டயரையும் நாங்கள் நாலு நிமிஷம் முன்னாடியே முடித்தோம். வரலாற்றில் பதிவாகட்டும்.

ஜூன் 27, வெள்ளி

கையெழுத்தாகிவிட்டது! இன்னும் மூன்று வருஷம். நேற்றைய எண்ணிக்கை இங்கே 31, அங்கே 28. பட்டியலில் படகும் சேர்ந்தது, இரு நாட்டின் பேரிலும். மேடையில் எங்கள் அதிகாரி என் தோளைத் தட்டி, "கண்டுபிடிச்சது யாரு, நீங்களா?" என்றார்.

"அவரோட பேன்ட்," என்றார் டாக்டரம்மா.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. புதிதாக ஒரு பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள். வீட்டில் காட்டினேன்.

"ஃபிரிட்ஜ் தட்டைக் கழுவிட்டு வந்து மாட்டுங்க," என்றாள்.

கழுவிவிட்டு மாட்டினேன்.

ஜூலை 5, சனி

படகில் டயர் சோதனை. ஒன்று கயிறு அறுந்து விழுந்திருந்தது. பாசியை வழித்துவிட்டுத் திருப்பினேன். நல்லவேளை, நோட்டீஸ் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே மஞ்சள் பெயின்ட். 67. ஏழுக்கு நடுவில் ஒரு கோடு.