மூக்காயிக்கு எடுத்த தொக்கம்

6-3-1961, திங்கள்

காலையிலிருந்து ஏழு பேர். ஐந்து பிள்ளைகள், இரண்டு பெரிய ஆள். வெயில் ஏறினால் எங்கள் எரியோட்டுப் பக்கம் வயிறு கெடும். வயிறு கெட்டால் தொக்கம் என்பார்கள், தின்றது உள்ளே ஒட்டிக்கொண்டது என்று. தொக்கம் என்றால் என்னிடம் வருவார்கள். எண்ணெய் தொட்டு அடிவயிற்றிலிருந்து மேலே மேலே நீவுவேன். தொண்டைக்குழியில் மூங்கில் குழலை வைத்து உறிஞ்சுவேன். வெற்றிலையில் துப்பினால் சின்னதாய் ஒரு சவ்வு கிடக்கும். அதைப் பார்த்ததும் பெற்றவள் முகம் தெளிந்துவிடும்.

சவ்வு கசாப்புக் கடையில் வாங்குவது. விடியும்போதே கடைவாயில் ஒதுக்கிக்கொள்வேன்.

இதை இந்த நோட்டுக்குத்தான் சொல்லலாம். மூக்காயிக்கு எழுத்துத் தெரியாது. எனக்கும் பிந்தித்தான் வந்தது, பஸ்சுப் பலகை படித்துப் படித்து. வித்தையைச் சொல்லித் தந்தவர் அவள் அப்பா. பெண்ணையும் குழலையும் ஒரே வாரத்தில் கையில் கொடுத்தார். "வீட்டுப் பொம்பளைக்குத் தெரிஞ்சா வித்தை அத்துப்போகும் மாப்ளே" என்றார். முப்பது வருசம் காத்துவிட்டேன்.

எதையோ எழுத வந்தேன் — ஆமாம், குஜிலியம்பாறைக்காரர். வெற்றிலையைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏப்பு, நான் கறி தின்னே ஒரு வருசமாச்சே?" என்றார். "அதாங்க, ஒரு வருசமா உள்ளயே கெடந்துருக்கு" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். உள்ளேயிருந்து மூக்காயி, "அந்தாளு கஞ்சத்தனத்துக்கு கறியக் கண்ணுல பாக்கணும்னா இப்பிடி உள்ளயிருந்து வந்தாத்தான் உண்டு" என்று சிரித்தாள்.

9-3-1961, வியாழன்

மூக்காயிக்கு நேற்றிலிருந்து வயிற்று வலி. தொப்புளைச் சுற்றி இருந்தது வலது அடிவயிற்றுக்கு இறங்கியிருக்கிறது. கம்பங்கூழ் தங்கவில்லை. சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். உடம்பு சுடுகிறது.

10-3-1961

விளக்கெண்ணெய் கொடுத்தேன். அதையும் கக்கிவிட்டாள். வலது காலை மடக்கியே கிடக்கிறாள். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்றேன்.

"ஏய்யா, எங்கெங்கிருந்தோ வண்டி கட்டி உங்கிட்ட வாராக. நான் போயி ஆஸ்பத்திரியில படுத்தா ஊரு எதால சிரிக்கும்? எல்லாருக்கும் எடுக்குற, எனக்கு மட்டும் எடுக்க மாட்டியா?"

எடுத்தேன்.

கை வைத்ததும் அலறினாள். நிறுத்தினேன். "அமுக்குய்யா, வரட்டும்" என்று முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அமுக்கினேன். துப்பிக் காட்டினேன். அவள் அதை வெற்றிலையோடு மடித்துக் கூரையில் செருகச் சொன்னாள்.

மத்தியானம் வலி சட்டென்று விட்டது. எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "பாத்தியா, எங்கப்பன் கை அப்பிடியே உனக்கு வந்துருச்சு" என்றாள். நானே நம்பினேன். வாயில் வைத்தவன் நான், துப்பினவன் நான். இருந்தும் நம்பினேன்.

12-3-1961, ஞாயிறு

வயிறு பலகையாகிவிட்டது. தொட விடவில்லை. காய்ச்சல் கொதிக்கிறது. "இன்னுங் கொஞ்சம் ஒட்டியிருக்கு. இன்னொருக்கா எடு" என்கிறாள். ஆஸ்பத்திரி என்றால் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். கெஞ்சினேன். அதட்டினேன். என்ன செய்ய? வேறு வழி இருந்ததா?

வாயைத் திறந்து காட்டினேன். விரலை விட்டுச் சவ்வை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது.

"எங்கப்பனுமா?"

"அவருந்தான்."

கூரையில் செருகியிருந்த வெற்றிலையைப் பார்த்தாள்.

"அப்ப ஒச்சாயி மகனுக்கு எடுத்தது?"

ஒச்சாயி அவள் தங்கச்சி. மூன்று வருசத்துக்கு முன் அவள் மகன் கக்கல் கழிச்சலில் கிடந்தான். எடுத்துக் காட்டினேன். மறுநாள் போய்விட்டான். 'எடுத்த பொறகும் நிக்கலையேடி, அது அவன் விதி' என்று தங்கச்சியைத் தேற்றியவள் மூக்காயிதான்.



"வண்டியக் கட்டு" என்றாள். ராத்திரியே திண்டுக்கல் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

13-3-1961

வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே எல்லாம் சீழ் என்றார் டாக்டர். "குடல்வால் வெடிச்சு மூணு நாள் ஆச்சு. பேதி மருந்து குடுத்தீங்களா? யாரு வயித்தை அமுக்குனது?" இரண்டு கேள்வி. இரண்டுக்கும் ஆள் நான்தான்.

14-3-1961

ஒச்சாயி வந்தாள். என்னை வெளியே போகச் சொல்லி மூக்காயி கையைக் காட்டினாள். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசினார்கள். வெளியே வந்த ஒச்சாயி என்னைத் தாண்டிப் போனாள், கல்லைத் தாண்டுவதுபோல.

வராந்தாவிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் வார்டு தெரிகிறது. கழிச்சல் கண்ட பிள்ளைக்குப் புட்டியைத் தொங்கவிட்டு ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். நர்சம்மாவிடம் அது என்ன மருந்து என்று கேட்டேன். "உப்புத் தண்ணிதான் பெரியவரே. உடம்புல தண்ணி வத்தித்தான் இதுக சாவுதுக" என்றாள். தண்ணியா? தண்ணியில்லாமலா போனான் ஒச்சாயி மகன்? தண்ணி தண்ணின்னு கேட்டானே — குடுக்காதீக, இன்னுங் கழியும்னு சொன்னது நாந்தானே.

15-3-1961

காலையில் போய்விட்டாள். என்னிடம் பேசவில்லை.

31-3-1961

கருமாதி நேற்று முடிந்தது. ஒச்சாயி வரவில்லை. குழலை அடுப்பில் வைத்தேன்.

4-4-1961, செவ்வாய்

ஜக்கம்மாள் என்று ஒருத்தி, தோளில் பெண் பிள்ளையோடு வந்தாள். இரண்டு வயது இருக்கும். கண் குழிவிழுந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. மூன்று நாளாகக் கழிச்சல்.

"தண்ணி குடுத்தியா?"

"குடுப்பாங்களா? குடுத்தா இன்னுங் கழியும்ல?"

சொல்லிவிட்டேன். "நான் எடுக்குறது பொய் தாயி. சவ்வு கசாப்புக் கடையில வாங்குறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அக்கா போன துக்கத்துல பேசுறீகண்ணே. முடியலன்னா விடுங்க. செம்பட்டியில ஒருத்தரு எடுக்குறாராம், அங்க போறேன்."

நிஜம் சொன்னால் ஒருத்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறாள். வாசல் தாண்டிவிட்டாள்.

"நில்லு. நானே எடுக்குறேன்."

நின்றாள்.

"ஆனா இது இங்க வராது. ஆழத்துல கெடக்கு. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில வச்சுத்தான் எடுக்கணும். நானும் வாரேன்."

செம்பில் தண்ணீர் மொண்டு, வாய்க்குள் என்னத்தையோ முணுமுணுத்தேன். "மந்திரிச்ச தண்ணி. வழி நெடுக ஒவ்வொரு வாயாக் குடு. ஒரு சொட்டு மிஞ்சக்கூடாது."

பஸ்சில் பிள்ளையை நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

6-4-1961, வியாழன்

இரண்டு நாளாக இந்த வராந்தாவிலேயே கிடக்கிறேன். புட்டி ஏற்றினார்கள். பிள்ளை இன்று எழுந்து உட்கார்ந்து பன் கேட்டு அழுகிறது. கண்ணீர் வருகிறது.

ஜக்கம்மாள் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எடுத்தாச்சாண்ணே?"

"எடுத்தாச்சு தாயி."

"காட்டவே இல்லையே?"

"டாக்டரு வாங்கி வச்சுக்கிட்டாரு" என்றேன்.

நம்பினாள்.